பேரும் அரைப்பேரும்: நூதனசாலைகளும் மலையகத்தின் நினைவும்

தேயிலைத் தோட்டப் பேச்சுவழக்கிலே 'பேர்' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. ஒருவரை அழைக்க வழங்கும் பெயர் ஒன்று. ஒரு நாள் உழைப்புக்குரிய முழுச் சம்பளப் பதிவு மற்றொன்று. குறித்த அளவு கொழுந்து பறித்தவருக்குச் செக்ரோலிலே ஒரு பேர் விழும். அந்த அளவை எட்டாதவருக்கு அரைப்பேர் விழும். மனிதரின் பெயரும் அவரது கூலியும் ஒரே சொல்லில் அடங்கிய இவ்வழக்கு எதேச்சையாகத் தோன்றியதன்று. தோட்ட நிர்வாகம் தொழிலாளியை ஏட்டிலே எவ்வாறு அறிந்ததோ அவ்வாறே மொழியும் அவரைப் பதிந்துகொண்டது எனலாம்.

இக்கட்டுரை நூதனசாலைகளைப் பற்றியது. எனினும் 'பேர்' பற்றிய குறிப்புடன் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. பொருள்களைத் திரட்டி அடுக்கிவைப்பதுடன் ஒரு நூதனசாலையின் கடமை முடிந்துவிடுவதில்லை. அப்பொருள்களைச் செய்தவர் யார், உடையவர் யார், அவை யார் கையிலிருந்து யார் கைக்கு எவ்வாறு மாறின என்பவற்றையும் அது கூறவேண்டும். மலையகத்தின் ஏறத்தாழ இருநூறாண்டு வரலாற்றில் யாருடைய பெயர்கள் முழுமையாகக் காக்கப்பட்டன, யாருடைய பெயர்கள் அரைகுறையாகவேனும் எஞ்சாமற் போயின என்பதை ஆராய்வதே எமது நோக்கம். இதற்குத் துணையாக, வெகு தொலைவிலுள்ள ஒரு நூதனசாலையை, நியூயோர்க் நகரிலுள்ள ஜேர்மன், ஒஸ்திரியக் கலை நூதனசாலையை, ஒப்புநோக்க விழைகின்றோம். அவ்வொப்பீடு வலிந்து கொள்ளப்பட்டதன்று என்பது கட்டுரைப் போக்கிலே புலனாகும்.

1. ஓராண்டில் திறந்த இரு நூதனசாலைகள்

கண்டி நகரிலிருந்து ஹந்தானை மலைக்கு ஏறும் வழியிலே, 1925இல் கட்டப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்ட நான்கு மாடித் தேயிலைத் தொழிற்சாலையொன்று உண்டு. அது புதுக்கப்பட்டு, 2001இல் இலங்கைத் தேயிலை நூதனசாலையாகத் திறந்துவைக்கப்பட்டது. அங்கு செல்பவர் முதலிற் காண்பது இயந்திரங்களை: தொழிற்சாலையை இயக்கிய எஞ்சின்கள், கொழுந்தை உருட்டும் உருளைகள், உலர்த்தும் சாதனங்கள். மேலே, ஜேம்ஸ் டெயிலரின் நினைவாக வைக்கப்பட்ட பொருள்கள் உள்ளன. உச்சித் தளத்திலே தேநீர் அருந்தியவாறு சுற்றியுள்ள மலைகளைப் பார்க்கலாம்.

டெயிலர் 1852இல் இலங்கைக்கு வந்த ஸ்கொத்லாந்து இளைஞர். 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலையை வணிகப் பயிராக நட்டவர். 1892இல் இறந்து கண்டி மகியாவை மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டவர். அவரது ஆற்றலையோ விடாமுயற்சியையோ நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயின், அந்த 19 ஏக்கர் காட்டை வெட்டியவர், குழி தோண்டியவர், கன்று நட்டவர், முதற் கொழுந்தைப் பறித்தவர் ஆகியோரில் ஒருவரது பெயரையாவது இன்று இலங்கையின் பாடநூல்களிலே காண முடியுமா? தேயிலை இயந்திரங்களிலே அவற்றை வார்த்த பிரித்தானியக் கம்பனிகளின் பெயர்கள் இரும்பெழுத்திற் பொறிக்கப்படுவது வழக்கம். அவ்வியந்திரத்தின் முன் ஆயுள் முழுவதும் நின்றவரின் பெயர் எங்கும் பொறிக்கப்படுவதில்லை. ஹந்தானை நூதனசாலை தேயிலை என்னும் பண்டத்தின் வரலாற்றைத் திறம்படச் சொல்கின்றது. பண்டத்தின் வரலாறு உழைப்பின் வரலாறாகத் தானே மாறிவிடுவதில்லை.

அதே 2001ஆம் ஆண்டு நவம்பரில் நியூயோர்க்கின் ஐந்தாம் அவெனியூவில் 'நொயே கலரி' என்னும் நூதனசாலை திறக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்ககால ஜேர்மன், ஒஸ்திரியக் கலைக்கென்றே அமைந்த அதனை நிறுவியவர் அழகுசாதன வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த றொனால்ட் லோடர். அதற்கான எண்ணத்தைப் பல்லாண்டு அவரோடு பகிர்ந்தவர் கலை வணிகர் சேர்ஜ் சபார்ஸ்கி. 1914இல் ஒரு கைத்தொழிலதிபருக்காகக் கட்டப்பட்ட மாளிகையிலே குஸ்தாவ் கிளிம்ற், எகொன் ஷீலே முதலியோரின் ஆக்கங்கள் வைக்கப்பட்டன. வியன்னாவின் பழைய கோப்பிக் கடைகளை நினைவூட்டும் சிற்றுண்டிச்சாலையொன்றும் அங்குண்டு. ஹந்தானையில் தேநீர், நியூயோர்க்கில் கோப்பி. இரண்டும் எமது மலைகளிலே விளைந்த பண்டங்கள் என்பதும், தேயிலைக்கு முன் மலைநாட்டை ஆண்டது கோப்பியே என்பதும் மறக்கற்பாலனவல்ல. 1830களின் பிற்பகுதி தொடக்கம் 1880கள் வரை, தென்னிந்தியாவிலிருந்து நடந்தே வந்த தொழிலாளரின் உழைப்பில் விளைந்த இலங்கைக் கோப்பி லண்டன் வழியாக ஐரோப்பியச் சந்தைகளைச் சென்றடைந்தது.

2. பெயரிழந்து பெயர் மீண்ட ஓவியம்

அந்த நியூயோர்க் நூதனசாலையின் தலையாய ஓவியம் கிளிம்ற் 1907இல் நிறைவுசெய்த 'அடேல் புளொக்-பவர்' என்னும் பெண்ணின் உருவப்படம். பொன்தகடு பதித்த அவ்வோவியத்தின் அழகைப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. எமக்கு இங்கு வேண்டியது அதன் உடைமை வரலாறு.

அடேல் வியன்னாவின் செல்வ யூதக் குடும்பத்துப் பெண். அவரது கணவர் பேர்டினண்ட் சர்க்கரை ஆலைகளின் உடைமையாளர்; மத்திய ஐரோப்பாவில் பீற்கிழங்கிலிருந்து எடுக்கப்பட்ட சர்க்கரையின் இலாபமே கிளிம்ற்றுக்கு ஊதியமாயிற்று. அடேல் 1925இல் இறந்தார். 1938இல் ஹிட்லரின் படை ஒஸ்திரியாவை விழுங்கியபோது பேர்டினண்ட் நாட்டைவிட்டுத் தப்பியோடினார்; அவரது உடைமைகள் பறிக்கப்பட்டன; அவர் 1945இல் சுவிற்சலாந்தில் காலமானார். ஓவியமோ வியன்னாவின் அரச ஓவியக்கூடத்தைச் சென்றடைந்தது. அங்கு யூதப் பெயர் வெளித்தெரியாதவாறு, பொன்மயமான ஒரு பெண் என்ற பொருள்பட அதற்குத் தலைப்பிடப்பட்டது. உருவம் சுவரிலே தொங்கிற்று. உருவத்துக்குரியவரின் பெயர் அழிக்கப்பட்டது.

போர் முடிந்த பின்னரும் அரை நூற்றாண்டு காலம் ஓவியம் அங்கேயே இருந்தது. அதனை ஓவியக்கூடத்துக்கு அளிக்குமாறு அடேல் தமது மரண சாசனத்தில் விரும்பியிருந்தார் என்பது ஒஸ்திரிய அரசின் வாதம். 1998இல் ஒஸ்திரியா கலைப்பொருள்களை மீளளிப்பதற்கான சட்டமொன்றை இயற்றியது. பத்திரிகையாளர் ஹுபேர்ட்டஸ் செர்னின் பழைய ஆவணங்களை ஆராய்ந்து, அரசு கூறிவந்த கதைக்கும் ஏட்டிலிருந்த உண்மைக்கும் இடையிலான வேறுபாட்டை வெளிக்கொணர்ந்தார். அடேலின் பெறாமகள் மரியா ஆல்ற்மன் தொடுத்த வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றம் வரை சென்று, 2004இல் ஒஸ்திரியாமீது வழக்குத் தொடரலாம் என்ற தீர்ப்பைப் பெற்றது. பின்னர் வியன்னாவில் கூடிய நடுவர் குழு 2006 சனவரியில், ஓவியம் பேர்டினண்டின் சட்டபூர்வ உடைமையே, மனைவியின் விருப்பம் அவரைச் சட்டத்தாற் கட்டுப்படுத்தாது என்று முடிவு செய்தது. ஓவியம் வாரிசுகளுக்கு மீண்டது. அதே ஆண்டில் லோடர் அதனை நியூயோர்க் நூதனசாலைக்காக வாங்கினார். விலை 13 கோடியே 50 இலட்சம் டொலர் எனப் பத்திரிகைகள் எழுதின.

இந்நிகழ்ச்சியை இரு கோணங்களிலிருந்து நோக்கலாம். உரிமை மீட்கப்பட்டது, ஆயின் மீட்கப்பட்ட பொருள் உடனே சந்தைக்குச் சென்று, மாபெருஞ் செல்வர் ஒருவரின் நூதனசாலையை அடைந்தது. சர்க்கரை ஆலைக்குப் பீற்கிழங்கு தோண்டியவர்களின் பெயர்கள் அம்மாளிகையிலும் இல்லை. முதலாளித்துவ உலகின் நீதிக்கு உள்ள எல்லையை இது காட்டுகின்றது. எனினும், எமது ஆய்வுக்கு முக்கியமானது வேறொன்று. அழிக்கப்பட்ட ஒரு பெயரை மீட்டது அழகுணர்ச்சியோ இரக்கமோ அல்ல, ஆவணமே. மரண சாசனம், கடிதம், கையளிப்புப் பத்திரம், ஓவியக்கூடத்தின் கோவைகள் ஆகியன எஞ்சியிருந்தமையாலேயே வழக்கு வெல்லப்பட்டது. அடேலின் குடும்பம் கொடுமைக்குள்ளாயிற்று. ஆயின் அதன் வர்க்க நிலை காரணமாக அதற்கு ஏடுகள் இருந்தன. ஏடே இல்லாத, அல்லது ஏடு முழுவதும் மாற்றார் கையிலே இருந்த ஒரு மக்கட் கூட்டம் தன் பெயரை எவ்வாறு மீட்கும்? இவ்வினா எம்மை மலையகத்துக்கு மீட்டு வருகின்றது.

3. மலைநாட்டைப் பார்த்த கண்கள்

ஜேர்மன் மொழி வழங்கும் நாடுகளுக்கும் எமது மலைகளுக்குமிடையே உள்ள தொடர்பு தேயிலையைப் போலவே பழையது. பிராங்க்பேர்ட் நகரின் ரொத்சைல்ட் குடும்பத்தின் பெண்வழிப் பேரர்களான மொறிஸ் வேர்ம்ஸ், கேப்ரியல் வேர்ம்ஸ் ஆகிய சகோதரர் புசல்லாவையில் பெருந்தோட்டம் அமைத்தனர். மொறிஸ் 1841இல் சீனத் தேயிலைக் கன்றுகளைக் கொணர்ந்து அங்கு நட்டார். டெயிலரின் 19 ஏக்கருக்கு இது கால் நூற்றாண்டு முந்தியது. அம்முயற்சி வணிகமாகப் பலிக்கவில்லை. ஆயினும் தோட்டத்தின் 'ரொத்சைல்ட்' என்னும் பெயர் நிலைத்துவிட்டது. பிராங்க்பேர்ட்டின் பழைய ரொத்சைல்ட் மாளிகை 1988இல் அந்நகரின் யூத நூதனசாலையாயிற்று. ஒரு குடும்பப் பெயர் அங்கு மாளிகைக்கும் இங்கு மலைச்சரிவுக்கும் உரியதாயிற்று. அச்சரிவிலே தலைமுறை தலைமுறையாகப் பிறந்து இறந்தவர்களின் குடும்பப் பெயர் எதற்கும் சூட்டப்படவில்லை.

கோப்பிக் காலத்தின் உச்சத்திலே, 1864-65இல், ஒஸ்திரிய ஓவியரான இயூஜின் றான்சொனே இலங்கைக்கு வந்தார். தாழ்நிலத்தினதும் உயர்மலைகளினதும் மக்கள், விலங்குகள், தாவரங்கள் பற்றிய அவரது சித்திர நூல் 1867இல் வெளிவந்தது. நீர்மூழ்கிக் கூண்டொன்றில் இறங்கிக் கடலடிக் காட்சிகளை அங்கிருந்தே வரைந்தவர் என்ற புகழும் அவருக்குண்டு. அவருக்குப் பின் 1881 நவம்பரில் வந்த ஜேர்மன் விலங்கியலறிஞர் ஏர்ன்ஸ்ற் ஹெக்கல், வெலிகமத்தில் தங்கிக் கடலுயிர்களை ஆராய்ந்தபின், மலைநாட்டுக்கு ஏறிப் பேராதனைப் பூங்காவின் தலைவர் ட்றைமனுடன் ஹோட்டன் சமவெளிவரை சென்றார். அவர் நல்ல நீர்வண்ண ஓவியருமாவார்.

இவ்விருவரின் கூர்மையான பார்வையை நாம் போற்றலாம். தாவரத்தையும் சிற்றுயிரையும் இனம், குலம், தனிப்பெயர் என முறைப்படி குறித்த ஐரோப்பிய அறிவியல் மரபு, மனிதரைப் பொறுத்தவரை வகைப்பெயரோடு நின்றுவிட்டது. சிங்களவர், தமிழர், கூலி என்பனவே பயண நூல்களின் தலைப்புகள். ஹெக்கல் மனித இனங்களை உயர்வு தாழ்வு எனப் படிநிலைப்படுத்திய கொள்கையின் முக்கியமான பரப்புரையாளராகவும் விளங்கினார் என்பது இங்கு கருதத்தக்கது. அவர் வந்தபோது, 1869இல் முதன்முதலாகக் காணப்பட்ட இலைத்துரு நோயினால் கோப்பித் தோட்டங்கள் அழிந்துகொண்டிருந்தன. அந்நோய்க்குக் காரணமான பூஞ்சணத்துக்குக் கிடைத்த இலத்தீன் பெயரை இன்றும் தாவரவியல் மாணவர் மனனம் செய்கின்றனர். அந்த அழிவிலே வேலையும் சம்பளமும் இழந்தவர்களைப் பெயர் சொல்லி அறிய வழியில்லை.

ஹற்றனுக்கு அண்மையிலே இதற்கு இன்னும் துலக்கமான சான்று உண்டு. ஒளிப்படக்கலை வரலாற்றின் முன்னோடிகளுள் ஒருவரான ஜூலியா மார்கரட் கமறன் 1875இல் தம் கணவருடன் இலங்கையிற் குடியேறினார். 1879 சனவரியில் டிக்கோயாவின் கிளென்கெய்ன் தோட்டத்தில் இறந்த அவர், பொகவந்தலாவை புனித மரியாள் ஆலய மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவரது கணவர் சார்ள்ஸ் ஹே கமறன், இலங்கை வரலாற்று மாணவர் யாவரும் அறிந்த கோல்புறூக்-கமறன் ஆணைக்குழுவின் இரண்டாமவர். அவ்வாணைக்குழுவின் விதப்புரைப்படி 1832இல் இராசகாரியம் என்னும் கட்டாயச் சேவை முறை ஒழிக்கப்பட்டது. மானிய முறையின் தளை அறுந்தது. நிலமும் உழைப்பும் விலைப்பொருள்களாயின. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம் காடுகளையும் மேட்டுநிலங்களையும் தோட்டக்காரருக்குத் திறந்துவிட்டது. சீர்திருத்த அறிக்கை எழுதிய கமறனே பின்னர் மலைநாட்டில் கோப்பித் தோட்டங்களின் உடைமையாளரானார். தாராண்மைச் சீர்திருத்தமும் பெருந்தோட்ட முதலும் ஒரே மனிதரிற் சந்தித்தமைக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

ஜூலியா கமறன் இங்கிலாந்தில் எடுத்த உருவப்படங்கள் இன்று உலகின் பெரிய நூதனசாலைகளிலே உள்ளன: வானியலறிஞர் ஹேர்ஷல், கவிஞர் ரெனிசன், இயற்கையறிஞர் டார்வின். இலங்கையில் அவர் எடுத்தவற்றுள் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. அவற்றில் இந்நாட்டு உழைப்பாளரும் கிராமத்தவரும் அதே கவனத்துடனும் அதே ஒளியுடனும் படம்பிடிக்கப்பட்டுள்ளனர். அவருடைய கண் வேற்றுமை பாராட்டவில்லை எனலாம். வேற்றுமை தலைப்பிலே உள்ளது. அங்கு ஹேர்ஷல், இங்கு 'ஒரு பெண்', 'தோட்டத் தொழிலாளர்'. முகம் காக்கப்பட்டது, பேர் காக்கப்படவில்லை. பின்வந்த தேயிலை விளம்பரங்கள் இதனையே பெருக்கின. கூடை சுமந்த பெண்ணின் புன்னகை உலகம் முழுவதும் சென்றது. அவள் யார் என்று கேட்க எவருக்கும் தோன்றவில்லை.

4. தகரம், துண்டு, செக்ரோல்

நிர்வாகத்துக்குத் தொழிலாளர் பற்றிய ஏடே இருக்கவில்லை என்று இதனாற் கொள்ளலாகாது. ஏடுகள் மலிந்திருந்தன. ஆனால் அவை மனிதரை எண்ணிக் கட்டுப்படுத்துவதற்கான ஏடுகள். 'துண்டு' என்னும் சீட்டு கங்காணியின் கீழுள்ள ஆட்களின் கடனைக் குறித்தது. புதிய தோட்டம் அக்கடனைத் தீர்த்தாலன்றித் தொழிலாளி இடம்மாற முடியாது. கடனோடு ஆளும் கைமாறிய இம்முறை 1921ஆம் ஆண்டின் சட்டத்தாலேயே ஒழிக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புகுத்தப்பட்ட தகரச் சீட்டு முறையின்படி, தமிழகத்திலிருந்து புறப்படும் ஒவ்வொருவருக்கும் தோட்டத்தையும் அவரது தொடரிலக்கத்தையும் குறிக்கும் தகரத்துண்டு அளிக்கப்பட்டது. கழுத்திலே அதனை அணிந்து வந்த மனிதரைக் கரை சேர்த்தது இலக்கமேயன்றிப் பெயரன்று. தோட்டத்திலே செக்ரோல், நீக்கும்போது பத்துச்சீட்டு. இவற்றுள் முதன்மையானவை துரையின் கந்தோரிலே பூட்டப்பட்டிருந்தன.

இந்த ஏடுகளின் உடைமை எத்துணைப் பாரதூரமானது என்பது சுதந்திரத்தின் பின்னரே வெளிப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றோராக்கிற்று. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிப்போர், 1946 சனவரி முதலாந் திகதிக்கு முன் தொடர்ச்சியாக இந்நாட்டில் வாழ்ந்தமையை நிறுவ வேண்டும்: மணமானவர் 7 ஆண்டுகள், மணமாகாதவர் 10 ஆண்டுகள். தந்தையும் பாட்டனும் புதையுண்ட மண்ணிலே நிற்பவர் தாம் அங்கு வாழ்ந்ததைக் கடதாசியாற் காட்டவேண்டியதாயிற்று. அக்கடதாசியோ கந்தோர்ப் பெட்டகத்தில். பல பிறப்புகள் முறைப்படி பதியப்பட்டிருக்கவுமில்லை. ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம் பேரின் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர் மாத்திரமே. எஞ்சியோரின் தலைவிதி 1964 ஒக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்களின் ஒப்பந்தத்திலே எண்களாகப் பங்கிடப்பட்டது: இந்தியாவுக்கு 5 இலட்சத்து 25 ஆயிரம், இலங்கைக்கு 3 இலட்சம், பின்னர் தீர்மானிக்க 1 இலட்சத்து 50 ஆயிரம். அப்பிரச்சினைக்குச் சட்ட அளவில் இறுதியான தீர்வு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்துடனேயே வந்தது.

நாசிகள் ஐரோப்பாவிற் புரிந்த இன அழிப்புடன் மலையகத்தின் நாடற்ற நிலையைச் சமப்படுத்துவது வரலாற்றுக்கு ஒவ்வாது. இரண்டும் வெவ்வேறு தன்மையின. ஆயின் ஓர் உண்மை இரண்டுக்கும் பொது. ஓர் அரசு ஒருவரைத் தன் மக்களுள் ஒருவரல்லர் என்று கூறும்போது, அவரிடமுள்ள ஏடே அவருக்கு எஞ்சும் சான்று. வியன்னாவின் ஏடுகள் ஒரு குடும்பத்துக்கு ஓவியத்தை மீட்டுக் கொடுத்தன. மலையகத்தில் ஏடின்மை இலட்சக்கணக்கானோரின் நாட்டையே பறித்தது. ஆவணக் காப்பகம் அறிஞரின் பொழுதுபோக்கு எனக் கருதுவோர் இவ்வெண்களை மீண்டும் ஒருமுறை படிப்பாராக.

5. லயத்திலே ஒரு நூதனசாலை

இப்பின்னணியிலேயே கம்பளைக்கு அண்மையிலுள்ள பாரதெக்கவில் 2007இல் நிறுவப்பட்ட தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலையும் ஆவணக் காப்பகமும் கொண்டுள்ள முக்கியத்துவத்தை மதிப்பிட வேண்டும். கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவகத்தின் முயற்சியால் அமைந்த இது, மாளிகையிலோ தொழிற்சாலையிலோ அமையாது, தொழிலாளர் வாழ்ந்த பழைய லயமொன்றில் அமைந்தது. கட்டடமே முதற் காட்சிப் பொருள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான அறைகளின் வரிசை என்று நூல்களிற் படிப்பது ஒன்று. அவ்வறையினுள் நின்று இரு கைகளையும் விரித்துப் பார்ப்பது வேறொன்று. தொழிற் கருவிகள், வீட்டுப் பாத்திரங்கள், அணிகலன்கள், இசைக் கருவிகள், தொழிற்சங்க வரலாறு சார்ந்த ஏடுகள் ஆகியன தொழிலாளர் குடும்பங்களிடமிருந்து திரட்டப்பட்டன.

நூதனம் என்றால் புதுமை. பழமையைப் பேணும் இடத்துக்கு நூதனசாலை என்ற பெயர் எவ்வாறு பொருந்தும் என்று மாணவர் கேட்பதுண்டு. பாரதெக்க முயற்சிக்கு அப்பெயர் முற்றிலும் பொருந்தும். கவ்வாத்துக் கத்தியும் கறுப்புக் கம்பளியும் தப்பும் அரும்பொருள்களாகக் கருதப்படத்தக்கவை என்ற எண்ணமே எமது சமூகத்தில் புதியது. அரசர் முடியும் செப்பேடும் விக்கிரகமுமே வரலாறு என்று கற்பிக்கப்பட்ட எமக்கு, உழைப்பவரின் அன்றாடப் பொருளும் வரலாற்று மூலம் என்பதை ஏற்கச் சில காலம் சென்றது. தப்பைக் குறித்து இன்னொன்றும் சொல்லவேண்டும். பிரட்டுக்களத்துக்கு விடியலில் ஆட்களை எழுப்பிய அதே கருவி, மரண வீட்டிலும் திருவிழாவிலும் காமன் கூத்திலும் ஒலித்தது. அதனை இசைத்தவர் பலர் சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டவர். மலையகத்தின் நினைவைத் திரட்டும்போது துரையின் கொடுமையை மட்டும் பதிந்து, எமக்குள் இருந்த ஒடுக்குமுறையை மறைப்போமாயின் நாமும் அரைப்பேர் போடுபவராவோம்.

எந்த நூதனசாலையும் இல்லாத காலத்திலே மக்கள் தம் பெயர்களைத் தாமே காத்தனர் என்பதும் மறத்தற்கரியது. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டப் போராட்டத்தில் பொலிசாரின் துப்பாக்கிக்குப் பலியான கோவிந்தன், 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்தில் காணி பறிப்புக்கு எதிரான போராட்டத்தில் உயிர்நீத்த சிவனு லட்சுமணன் ஆகியோரின் பெயர்கள் தொழிற்சங்க மேடைகளாலும் மக்கள் வாய்மொழியாலுமே நிலைத்தன. ஹற்றனைத் தளமாகக் கொண்டு தொழிற்சங்கம் கட்டிய கோ. நடேசய்யரும், பாட்டாகவே அரசியலைத் தோட்டங்களுக்குக் கொண்டுசென்ற மீனாட்சி அம்மையும் அச்செழுத்தை மலையகத்தின் ஆவணமாக்கினர். வட்டகொடை மடக்கும்புரத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய நாட்டார் பாடல்கள் 1983இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என நூலுருப் பெற்றன. அத்தொகுப்பு சுவரில்லாத ஒரு நூதனசாலை என்று கூறின் மிகையாகாது.

6. செய்யவேண்டியவை

காலம் எமக்குச் சாதகமாக இல்லை. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்கு மாறிற்று. கை மாறுந்தோறும் கந்தோர் ஏடுகள் சிதறுவதும் அழிவதும் இயல்பு. லண்டனிற் பதிவாகியிருந்த கம்பனிகள் சிலவற்றின் ஏடுகள் அந்நகர் ஆவணக் காப்பகங்களிற் செவ்வனே பேணப்பட, இங்கு எஞ்சியவை கறையானுக்கும் ஈரத்துக்கும் இரையாகின்றன. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களிலே வீடுகளோடு அவற்றிலிருந்த பத்திரங்களும் எரிந்தன. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது லய வரிசைகளே மண்ணுள் மறைந்தன. மூடப்பட்ட தொழிற்சாலைகளும் உருமாறுகின்றன. கந்தப்பொளையின் பழைய ஹெதர்செட் தொழிற்சாலை 1990களில் உல்லாச விடுதியாயிற்று. கட்டடம் காக்கப்பட்டமை நன்றே. விருந்தினர் உறங்கும் தளத்திலே இரவு முழுதும் கொழுந்து வாடப்போட்டவர் யார் என்பதும் எங்கேனும் எழுதப்பட வேண்டும்.

இவற்றை மனங்கொண்டு சில கருத்துகளை முன்வைக்கின்றோம். முதலாவதாக, ஹற்றனிலும் நுவரெலியாவிலும் எஞ்சியுள்ள செக்ரோல் புத்தகங்கள், தோட்டப் பாடசாலை வரவுப் பதிவேடுகள், தோட்ட வைத்தியசாலைக் குறிப்பேடுகள் ஆகியவற்றைப் படியெடுத்துக் காக்கும் பணி தாமதமின்றித் தொடங்கப்பட வேண்டும். ஒடுக்குவதற்காக எழுதப்பட்ட ஏடே இன்று ஒரு குடும்பத்தின் நான்கு தலைமுறைப் பெயரைச் சொல்லும் ஏடாகலாம். இரண்டாவதாக, ஒவ்வொரு காட்சிப் பொருளுக்கும் உடைமை வரலாறு எழுதப்பட வேண்டும். 'கொழுந்துக் கூடை' என்று எழுதுவது போதாது. பின்னியவர், சுமந்தவர், தோட்டம், பிரிவு, ஆண்டு என்பன, உரியோரின் இசைவுடன், குறிக்கப்படவேண்டும். மூன்றாவதாக, தோட்டங்களுக்குத் தொழிலாளர் தாமே இட்ட தமிழ்ப் பெயர்கள் திரட்டப்பட வேண்டும். பதிவேட்டில் ஸ்கொத்லாந்து ஊர்களின் பெயர் தாங்கிய மலைகளுக்கு மக்கள் வழக்கில் வேறு பெயர் உண்டு. அவை முதியோருடன் மறைந்துவருகின்றன. நான்காவதாக, பேராதனையிலே ஹெக்கல் உலாவிய பூங்காவுக்கு எதிரே அமைந்த பல்கலைக்கழகமும் ஏனைய பல்கலைக்கழகங்களும், மலையகத்திலிருந்து வரும் மாணவரைத் தம் தோட்ட வரலாற்றைத் தாமே எழுதும் ஆய்வாளராக்க வேண்டும். ஆய்வு செய்யப்படுபவர் ஆய்வாளராகும்போதே றான்சொனேயின் கண்ணும் கமறனின் கமராவும் விட்ட இடம் நிரம்பும்.

இது பழம்பெருமை பேசும் முயற்சியன்று. 2023இல், மலையக மக்களின் வருகையின் இருநூறாவது ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தவர்கள் மூதாதையரை நினைவுகூர்ந்ததோடு நில்லாது, காணியுரிமையையும் சமத்துவக் குடியுரிமையையும் வலியுறுத்தினர். தலைமுறைகளாக வாழும் லய அறைக்கும் வீட்டுத்தோட்டத்துக்கும் உறுதிப்பத்திரம் இல்லாத குடும்பங்கள் மலையகத்தில் இன்னும் பல்லாயிரம். 1949இல் வதிவிடத்துக்குச் சான்று கேட்கப்பட்டது போல, காணி பங்கிடப்படும் நாளிலும் சான்று கேட்கப்படும். அன்று காட்டுவதற்குரிய ஏட்டை இன்றே திரட்டி வைப்பது நூதனசாலையின் பணியுமாகும், தொழிற்சங்கத்தின் பணியுமாகும், எமது பணியுமாகும். செக்ரோலிலே அரைப்பேராகப் பதியப்பட்டவர்களுக்கு வரலாற்றிலே முழுப்பேர் போடும் பொறுப்பு மலையகத்தின் புதிய தலைமுறையைச் சார்ந்தது.